அரசியல் விஞ்ஞானத்தின் அடிப்படைகள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானத்தைத் தெரிவு செய்த மாணவர்களும், வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கும் உத்தியோகத்தர்களும், சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோரும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே என்னிடம் கொண்டுவருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நிலைத்து நிற்கும் அரசையும் வந்துபோகும் அரசாங்கத்தையும் ஒன்றாக எண்ணிவிடுவதிலிருந்துதான் இந்த ஐயங்களில் பெரும்பாலானவை பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஆகையால் மூன்றாம் கேள்வியை மட்டும் எவரும் தாண்டிச் செல்ல வேண்டாம். பின்வரும் விடைகள் பல அதன்மேல் நிற்கின்றன.

1. இந்தப் பாடத்தைப் படித்தால் கட்சி அரசியலுக்குத்தானே போக வேண்டும், சேர்?

இல்லை. கட்சி என்பது இந்தப் பாடம் ஆராயும் பல பொருள்களில் ஒன்று மாத்திரமே. யாருக்கு எது, எப்போது, எவ்வாறு கிடைக்கிறது என்பதே அரசியலின் கேள்வி என்று ஹரோல்ட் லாஸ்வெல் 1936இல் எழுதினார். சமூகம் மதிக்கும் பொருள்களையும் வாய்ப்புகளையும் எல்லோரையும் கட்டுப்படுத்தும் வகையில் பங்கிடுவதே அரசியல் என்பது டேவிட் ஈஸ்டனின் விளக்கம். அப்படிப் பார்த்தால், கந்தளாய்க் குளத்து நீரை எந்தப் போகத்தில் எந்த வாய்க்காலுக்கு எப்போது திறப்பது என்று முடிவெடுக்கும் கூட்டமும் அரசியலே. அந்தக் கூட்டத்தில் ஒரு கட்சிக் கொடியும் இல்லாதிருக்கலாம்.

2. ஆய்வுகூடம் இல்லாத பாடத்தை விஞ்ஞானம் என்று எப்படிச் சொல்வது?

ஆய்வுகூடத்தின் வேலையை இங்கே ஒப்பீடு செய்கிறது. அரிஸ்டோட்டிலும் அவருடைய மாணவர்களும் 158 அரசியலமைப்புகளைத் திரட்டினர் என்று சொல்லப்படுகிறது. எந்த நிலைமையில் எந்த ஆட்சி நிலைக்கிறது, எதில் கவிழ்கிறது என்று அறிவதே அதன் நோக்கம். பிற்காலத்தில், ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி என்ற முறை இருகட்சி அமைப்பை நோக்கி இட்டுச்செல்லும் என்று மோரிஸ் டுவர்ஜே கூறினார். இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. அமெரிக்கா அதற்குப் பொருந்துகிறது, இந்தியாவும் கனடாவும் முழுமையாகப் பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வியிலிருந்து அடுத்த ஆய்வு தொடங்குகிறது. இரசாயனவியலின் துல்லியம் இதற்கு வராது. ஆனால் ஒரு கூற்றைச் சான்றுக்கு முன்னால் நிறுத்தும் ஒழுக்கம் இதற்கும் உண்டு.

3. அரசும் அரசாங்கமும் ஒன்றுதானே? ஏன் இரண்டு அத்தியாயமாகப் படிக்க வேண்டும்?

ஒன்றல்ல. நிரந்தரமான மக்கள், வரையறுக்கப்பட்ட ஆள்புலம், அரசாங்கம், ஏனைய அரசுகளுடன் உறவு கொள்ளும் ஆற்றல் ஆகிய நான்கையும் 1933ஆம் ஆண்டின் மொன்டிவிடியோ சாசனம் அரசுக்குரிய தகுதிகளாகக் குறிக்கிறது. பாடநூல்கள் நான்காவதன் இடத்தில் பெரும்பாலும் இறைமை என்று எழுதும். எப்படி எழுதினாலும் அரசாங்கம் என்பது அரசின் நான்கு கூறுகளில் ஒன்று என்பது மாறாது. அது அரசின் பெயரால் முடிவெடுத்து நிறைவேற்றும் கருவி.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அந்த ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகினார், 2024இல் வேறொரு கட்சி ஆட்சிக்கு வந்தது. கடன் வாங்கிய அரசாங்கம் போய்விட்டது என்று எந்தக் கடன்காரரும் கணக்கை மூடவில்லை, புதிய அரசாங்கமும் அப்படிச் சொல்லவில்லை. கடன்பட்டது அரசு, பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தது அந்தந்த நேரத்து அரசாங்கம்.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகும். அரசாங்கத்தை விமர்சிப்பவர் அரசுக்கு எதிரானவர் ஆகிவிடமாட்டார். எதிர்க்கட்சிக்குச் சம்பளமும் அலுவலகமும் அரச நிதியிலிருந்தே வழங்கப்படுவது இந்த வேறுபாட்டை அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டிருப்பதால்தான். ஆட்சியில் இருப்பவர்கள் இவ்விரண்டையும் வேண்டுமென்றே குழப்பும்போது என்ன நடக்கும் என்பதை நம் தலைமுறைகள் நன்கு அறிந்திருக்கின்றன.

4. திருக்குறளில் ஆறு அங்கம் வருகிறதே. அந்த ஆறும் இந்த நான்கும் ஒன்றா?

படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் என்னும் ஆறையும் உடையவனே அரசருள் ஏறு என்று இறைமாட்சி அதிகாரத்தின் முதற் குறள் கூறுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் குடி மக்களோடும், அமைச்சு அரசாங்கத்தோடும், நட்பு வெளியுறவு ஆற்றலோடும் இணைந்துவிடும். பல மாணவர்கள் இவ்வாறு கோடு இழுத்து இணைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது 'உடையான்' என்பது. குறளில் ஆறும் ஒருவனுடைய உடைமைகள். குடியும் அவற்றுள் ஒன்று. நவீன அரசின் நான்கு கூறுகளுக்கு உடையவன் என்று ஒருவன் இல்லை. மக்கள் அங்கே ஒரு கூறாக மட்டுமன்றி, ஏழாம் விடையில் காணப்போவது போல, இறைமையின் ஊற்றாகவும் கருதப்படுகின்றனர். பரீட்சையில் இந்த ஒப்பீட்டை எழுத விரும்புவோர் ஒற்றுமையை இரண்டு வரியில் முடித்துவிட்டு, இந்த வேற்றுமையை விரித்து எழுதுவது நல்லது.

5. 1948இல் சுதந்திரம் கிடைத்தது என்கிறோம். ஆனால் 1957 வரைக்கும் இங்கே துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்ததே! அப்போ நாங்கள் இறைமையுள்ள நாடா, இல்லையா?

திருகோணமலையில் பிறந்தவருக்கே இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழும். முதலில் வரைவிலக்கணம். இறைமை என்பது ஓர் ஆள்புலத்துக்குள் இறுதி முடிவை எடுக்கும் உச்ச அதிகாரம். அதனை 1576இல் முறையான கோட்பாடாக வகுத்தவர் ஜீன் போடின். அதற்கு இரு முகங்கள் உண்டு: உள்ளே தனக்கு மேலாக வேறொரு அதிகாரம் இல்லாதிருத்தல் உள்ளக இறைமை, வெளியே வேறெந்த அரசின் கட்டளைக்கும் கீழ்ப்படியாதிருத்தல் வெளியக இறைமை.

1947 நவம்பரில் இலங்கையும் பிரித்தானியாவும் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டன. அதன்படி திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் சுதந்திரத்தின் பின்னரும் பிரித்தானியரின் பாவனையில் இருந்தன. உங்களுடைய ஐயத்தை அன்று சோவியத் ஒன்றியமும் எழுப்பியது. இலங்கை உண்மையில் சுதந்திரமடையவில்லை என்று வாதிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் அதன் அங்கத்துவத்தைத் தன் இரத்து அதிகாரத்தால் தடுத்தது. 1955 டிசம்பரில்தான் இலங்கை உறுப்பு நாடானது. பண்டாரநாயக்க அரசாங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் 1957இல் தளங்கள் கையளிக்கப்பட்டன.

இந்தக் கடைசி விவரத்தில்தான் விடை இருக்கிறது. சட்ட நோக்கில், தளத்தை வைத்திருக்க அனுமதித்ததும் இலங்கை, திரும்பக் கேட்டதும் இலங்கை. சம்மதத்தைக் கொடுக்கவும் மீளப் பெறவும் முடிந்ததே இறைமைக்குச் சான்று. அரசியல் நோக்கில், ஓர் ஏகாதிபத்தியக் கடற்படை இயற்கைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும்போது ஒரு சிறிய நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை எவ்வளவு தாராளமாக இயங்கியிருக்கும் என்ற கேள்வி நியாயமானது. சட்ட இறைமை, நடைமுறை இறைமை என்று பாடநூல் பிரிப்பது இந்த இடைவெளியைக் காட்டத்தான்.

6. அப்படியென்றால் 1987இல் இந்தியாவோடு கடிதம் பரிமாறியது?

அதே அளவுகோலைப் பயன்படுத்துங்கள். 1987 ஜூலை 29ஆம் திகதி இலங்கை இந்திய ஒப்பந்தத்துடன் ஜே. ஆர். ஜெயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். திருகோணமலையோ ஏனைய துறைமுகங்களோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் வழங்கப்படமாட்டா என்ற வாக்குறுதியும், எண்ணெய்த் தாங்கிப் பண்ணையைக் கூட்டு முயற்சியாக மீளமைக்கும் இணக்கமும் அவற்றில் இருந்தன. ஒரு வாக்குறுதியால் தன்னைக் கட்டிக்கொள்வது இறைமையுள்ள அரசு செய்யக்கூடிய செயலே. எல்லாச் சர்வதேச உடன்படிக்கையும் அப்படித்தான். அந்த வாக்குறுதி எந்தச் சூழலில், எவ்வளவு அழுத்தத்தின் கீழ் தரப்பட்டது என்பது ஐந்தாம் விடையின் கடைசிப் பந்தியில் சொன்ன இரண்டாவது கேள்வி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு 'இறைமை பறிபோனது' என்று எழுதுபவர் எதையும் விளக்கியவர் ஆகமாட்டார்.

7. இறைமை மக்களிடம் இருக்கிறது என்று யாப்பு சொல்கிறது. பிறகேன் மக்கள் ஒரு சான்றிதழுக்காக நாள் முழுக்கக் காத்திருக்கிறார்கள்?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை, இறைமை மக்களுக்கு உரியது, அது பிறருக்குக் கையளிக்க முடியாதது என்கிறது. ஆட்சித் தத்துவங்கள், அடிப்படை உரிமைகள், வாக்குரிமை ஆகியவற்றை அது உள்ளடக்கும். அடுத்த உறுப்புரை அந்த இறைமை எவ்வாறு பிரயோகிக்கப்படும் என்று கூறுகிறது: சட்டமாக்கல் பாராளுமன்றத்தாலும் மக்கள் தீர்ப்பினாலும், நிறைவேற்றல் மக்களால் தெரிவு செய்யப்படும் ஜனாதிபதியாலும், நீதி நீதிமன்றங்கள் ஊடாகவும். ஆக, உரித்து மக்களிடமும் பிரயோகம் நிறுவனங்களிடமும் இருக்கின்றன.

இந்தப் பிரிவு தவிர்க்க முடியாதது. ஆனால் நிறுவனத்தில் அமர்ந்திருப்பவர் தன்னை உரித்தாளராக எண்ணத் தொடங்கும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அதனால்தான் வாக்குரிமையோடு அடிப்படை உரிமைகளையும் இறைமையின் பகுதியாக அரசியலமைப்பு சேர்த்திருக்கிறது. நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் நேரடியாக உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்று 126ஆம் உறுப்புரை சொல்கிறது. ஒரு மாதம் என்ற இந்தக் காலவரையறையை மாணவர்கள் மட்டுமல்ல, எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

8. பலம் உள்ளவர் சொன்னால் எல்லோரும் கேட்கிறார்கள். அதிகாரம் என்றால் அதுதானே?

கேட்பதற்கான காரணம் என்ன என்று பார்க்க வேண்டும். அச்சத்தால் கேட்டால் அது வெறும் வலு. சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டு கேட்டால் அது அதிகாரம். அந்த ஏற்பு மூன்று வழிகளில் வருகிறது என்றார் மக்ஸ் வெபர்: வழிவழி வந்த மரபினால், ஒருவரின் தனிப்பட்ட கவர்ச்சியினால், சட்டத்தினால் வகுக்கப்பட்ட பதவியினால். கோயில் பரம்பரை அறங்காவலர், மக்கள் திரண்டு பின்தொடரும் தலைவர், கிராம உத்தியோகத்தர் என்று மூவரையும் நம் ஊரிலேயே காணலாம். கிராம உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் சென்றதும் அவருடைய கையொப்பத்தின் பெறுமதி அடுத்தவருக்குச் சென்றுவிடுகிறது. மற்ற இருவரிடமும் அப்படி நடப்பதில்லை.

வலுவைக் காண்பதும் அவ்வளவு எளிதல்ல. ஒருவரை, அவர் தானாகச் செய்திருக்க மாட்டாத ஒன்றை, இன்னொருவர் செய்ய வைத்தால் அதுவே வலு என்றார் ரொபர்ட் டால். ஆனால் ஒரு விடயம் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலுக்கே வராமல் தடுப்பதும் வலுதான் என்று பக்ராக்கும் பராட்சும் 1962இல் காட்டினர். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வீதிக்குக் கொங்கிரீட் போடுவதா, மண்டபத்துக்குக் கூரை போடுவதா என்று நீண்ட விவாதம் நடக்கும். கடற்கரை நிலம் யாருடைய பாவனையில் இருக்கிறது என்ற கேள்வி அங்கே ஒருபோதும் எழாது. விவாதத்தில் வென்றவரை மட்டும் பார்த்தால் உண்மையான வலு எங்கே இருந்தது என்பது தெரியாமல் போகும். தன் நலன் எது என்பதையே ஒருவர் உணராதபடி அவருடைய விருப்பத்தை உருவாக்குவதை மூன்றாவது வடிவமாக ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் சேர்த்தார்.

9. சமூக ஒப்பந்தம் எங்கே, எப்போது கைச்சாத்தானது? வரலாற்றில் அப்படி எதுவும் இல்லையே!

இல்லைதான். அதை வரலாற்றுச் சம்பவமாகத் தேடினால் ஏமாற்றமே கிட்டும். அரசு இல்லாவிட்டால் மனிதர் எப்படி வாழ்வர், அந்த நிலையிலிருந்து எந்த நிபந்தனையில் அரசை ஏற்றுக்கொள்வர் என்ற எண்ணப் பரிசோதனை அது. எந்த அரசுக்குக் கீழ்ப்படிவது நியாயம் என்று அளப்பதற்கான கருவி.

ஹொப்ஸ், லொக், ரூசோ ஆகிய மூவரின் விடையும் அவர்கள் வாழ்ந்த காலத்தின் தழும்புகளைச் சுமந்திருக்கிறது. ஆங்கிலேய உள்நாட்டுப் போரைக் கண்ட ஹொப்ஸ், அரசற்ற நிலை எல்லோரும் எல்லோருடனும் போரிடும் நிலை என்று 1651இல் எழுதினார். உயிர்ப் பாதுகாப்புக்காக மக்கள் தம் உரிமைகளை ஓர் இறைமையாளரிடம் ஒப்படைக்கின்றனர், அவர் ஒப்பந்தத்தின் தரப்பினர் அல்லர். லொக்கின் மனிதருக்கு அரசு தோன்றும் முன்பே உயிர், சுதந்திரம், சொத்து ஆகிய உரிமைகள் உண்டு. அவற்றைக் காக்கவே அரசாங்கம் அமைக்கப்படுகிறது. காக்கத் தவறினால் அதை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு. மூன்றாம் விடையில் கண்ட அரசு, அரசாங்கம் என்ற வேறுபாடு லொக்கிடம் தெளிவாக இயங்குகிறது: அரசாங்கம் கலைந்தாலும் சமூகம் கலைவதில்லை. ஹொப்ஸிடம் இறைமையாளர் வீழ்ந்தால் எல்லாமே வீழ்ந்துவிடும். ரூசோ 1762இல் இருவரையும் விட்டு விலகி, மக்கள் தம்மைத் தமக்கே ஒப்படைக்கின்றனர், பொதுவிருப்பே இறைமை, அதைப் பிரதிநிதிகளிடம் கையளிக்க இயலாது என்றார்.

போரின் நடுவில் வாழ்ந்த பெற்றோர் இந்தப் பாடத்தைக் கேட்கும்போது பலர் ஹொப்ஸை உடனே விளங்கிக்கொள்கிறார்கள். போருக்குப் பின் பிறந்த அவர்களின் பிள்ளைகள் லொக்கின் பக்கம் நிற்கிறார்கள். இரண்டு நிலைப்பாட்டுக்கும் நான் மதிப்பளிக்கிறேன்; ஆனால் காணியின் உரிமையும் உயிரின் பாதுகாப்பும் அரசாலேயே கேள்விக்குள்ளாகும்போது ஹொப்ஸிடம் போதிய விடை இல்லை என்பது என் கருத்து.

10. குடியரசு என்றால் ஜனநாயகம், ஜனநாயகம் என்றால் குடியரசு. சரிதானே?

சரியல்ல. குடியரசு என்பது அரச தலைவர் பரம்பரை வழியில் வராத அரசு. ஜனநாயகம் என்பது ஆள்வோரை மக்கள் சுதந்திரமாகத் தெரிவு செய்து நீக்கக்கூடிய ஆட்சி. பிரித்தானியா ஜனநாயகம், குடியரசு அல்ல. வட கொரியா பெயரில் குடியரசு, ஜனநாயகம் அல்ல. வேறு நாடுகளுக்குப் போகவும் தேவையில்லை. இலங்கையில் 1931இலேயே சர்வசன வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் 1972 மே 22ஆம் திகதி வரை அரச தலைவர் பிரித்தானிய முடிக்குரியவரே.

11. அமைச்சர்கள் பாராளுமன்றத்தில்தானே இருக்கிறார்கள்? அப்போ வலுவேறாக்கம் எங்கே?

மொன்டெஸ்கியூ 1748இல் சொன்னது, சட்டமாக்குபவரும் நிறைவேற்றுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒரே கையில் சேர்ந்தால் சுதந்திரம் இருக்காது என்பதே. அதை அமெரிக்கா ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்தாகப் பின்பற்றி, காங்கிரஸ் உறுப்பினர் அமைச்சராக இருப்பதைத் தடை செய்தது. பிரித்தானிய முறையில் அமைச்சரவை பாராளுமன்றத்துக்குள்ளிருந்தே பிறக்கிறது. இலங்கையின் 1978 யாப்பு, மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் ஜனாதிபதியையும் பாராளுமன்றத்திலிருந்து வரும் அமைச்சரவையையும் ஒன்றாக வைத்த கலப்பு.

நீதித்துறையின் பக்கமும் ஒரு விசேடம் உண்டு. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1803ஆம் ஆண்டின் மார்பரி வழக்கு முதல் நிறைவேறிய சட்டத்தையும் செல்லாது என்று அறிவித்து வருகிறது. இலங்கையில் சட்டமூலமாக இருக்கும்போதே அதை உயர் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்; சபாநாயகரின் சான்றுரை எழுதப்பட்டுச் சட்டமானபின் அதன் செல்லுபடியை விசாரிக்க 80ஆம் உறுப்புரை இடமளிப்பதில்லை. இங்கே வலுவேறாக்கம் பலவீனமாக இருப்பது அமைச்சர்கள் எங்கே அமர்கிறார்கள் என்பதால் அல்ல, இந்தக் கதவு மூடப்பட்டிருப்பதால் என்றே நான் கருதுகிறேன்.

12. கச்சேரி, பிரதேச செயலகம், பிரதேச சபை, மாகாண சபை என்று நாலு இருக்கிறது. எல்லாம் அரசாங்கம்தானே, ஏன் ஆளுக்கொரு பக்கம் அனுப்புகிறார்கள்?

தெரு விளக்கு எரியவில்லை என்று பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயர் ஒத்திருப்பதால் வரும் இந்தச் சிரமத்துக்குப் பின்னால் ஒரு முக்கியமான கோட்பாடு இருக்கிறது. மத்திய அரசாங்கம் தன் உத்தியோகத்தர்களை ஊர்களில் அமர்த்தி வேலை செய்விப்பது ஒன்று. மக்கள் தெரிவு செய்த வேறொரு மன்றத்துக்குத் தன் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது இன்னொன்று. முதலாவது நிருவாகப் பரவலாக்கம், இரண்டாவது அதிகாரப் பகிர்வு.

கச்சேரி என்று நாம் இன்றும் அழைக்கும் மாவட்டச் செயலகமும், 'திருகோணமலைப் பட்டினமும் சூழலும்', மூதூர், குச்சவெளி போன்ற பிரதேச செயலகங்களும் முதலாவது வகை. அங்கே அமர்ந்திருப்பவரை நீங்கள் தெரிவு செய்யவில்லை. அவர் கொழும்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அடையாள அட்டை விண்ணப்பமும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் அங்கே போவது அதனால்தான். பிரதேச சபையும் நகர சபையும் உங்கள் வாக்கினால் அமைபவை. தெரு விளக்கு, குப்பை, சந்தை, பொது நூலகம், கட்டட அனுமதி ஆகியவை அவற்றின் வேலை. கிண்ணியாவில் பிரதேச செயலகம், நகர சபை, பிரதேச சபை மூன்றும் அருகருகே இயங்குவதால் அங்குள்ள மாணவர்களுக்கு இதை விளக்குவது மிக எளிது. மாகாண சபையும் தெரிவு செய்யப்படும் மன்றமே. 1987இன் 13ஆவது திருத்தத்தால் வந்தது. கிழக்கு மாகாணத்துக்கானது திருகோணமலையில் அமைந்தது. ஆனால் அதன் ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். ஆகவே ஒரே கூரையின் கீழ் இரு வகையும் சந்திக்கின்றன.

13. மாகாண சபை இருக்கிறது, அதற்குச் சட்டமாக்கும் அதிகாரமும் இருக்கிறது. பிறகேன் இதைச் சமஷ்டி என்று சொல்வதில்லை?

அதிகாரம் எவ்வளவு கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது சோதனை அல்ல. கொடுத்தவர் தனியாகத் திருப்பி எடுக்க முடியுமா என்பதே சோதனை. சமஷ்டியில் மத்திக்கும் மாநிலத்துக்கும் அதிகாரம் அரசியலமைப்பிலிருந்தே வருகிறது. ஒரு தரப்பு மற்றதை இல்லாமற் செய்ய முடியாது. 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைகள் பற்றிய ஏற்பாடுகளை மாற்றுவதற்கான சட்டமூலம் சபைகளின் கருத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அவை இணங்காவிட்டாலும் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அதை நிறைவேற்றலாம். 1987இல் இந்தத் திருத்தத்தை ஆராய்ந்த ஒன்பது நீதியரசர்களுள் ஐவர், அது ஒற்றையாட்சித் தன்மையை மாற்றவில்லை என்று தீர்மானித்தனர், நால்வர் உடன்படவில்லை.

நடைமுறையும் அதையே காட்டுகிறது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே ஆண்டில் தேர்தல் முறை திருத்தப்பட்டது, புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது, இதை எழுதும் வரை தேர்தல் நடக்கவில்லை. மாகாணம் ஆளுநரின் கீழ் இயங்குகிறது. ஒரு சமஷ்டியில் மத்தியின் சட்டமன்றம் இவ்வாறு செயலற்றிருப்பதால் மட்டும் ஒரு மாநிலச் சட்டமன்றம் ஆண்டுக்கணக்கில் இல்லாமற் போக முடியாது. சமஷ்டிக் கோரிக்கையின் வரலாற்றில் திருகோணமலைக்கும் ஓர் இடம் உண்டு: 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி இங்கே நடத்திய மாநாட்டுத் தீர்மானங்களே மறு ஆண்டு பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தத்துக்கு வழி திறந்தன.

14. நாங்கள் ஒரு தேசம் என்றால் எங்களுக்கு ஓர் அரசு இருக்க வேண்டும் என்பது விதியா?

விதி இல்லை. தேசம் என்பது தம்மை ஒரே சமூகமாக உணரும் மக்கள் கூட்டம். அந்த உணர்வு நாள்தோறும் புதுப்பிக்கப்படும் வாக்கெடுப்பு என்றார் எர்னஸ்ட் ரெனன், 1882இல்; ஒருவரையொருவர் கண்டிராதவர்கள் மனத்தில் கட்டிய சமூகம் என்றார் பெனடிக்ட் அன்டர்சன், 1983இல். அரசு, மூன்றாம் விடையில் கண்ட நான்கு கூறுகளின் அமைப்பு. குர்துகள் அரசற்ற தேசம். பல தேசங்கள் ஒரே அரசுக்குள் வாழும் பெல்ஜியம், கனடா போன்ற ஏற்பாடுகளும் உண்டு. தேசத்துக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்று வாதிடுபவரும் அதைத் தனியரசாகவே பிரயோகிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. சுயாட்சியும் அதன் ஒரு வடிவம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கலந்து வாழும் இந்த மாவட்டத்தில் ஒரு தேசத்தின் எல்லைக்கோட்டை நிலத்தில் எங்கே இழுப்பது என்ற கேள்வியையும் விடையில் சேர்த்து எழுதுபவரே விடயத்தை நேர்மையாக அணுகுபவர்.

15. விகிதாசாரம் என்றால் வாக்கு வீதப்படி ஆசனம். பிறகேன் சின்னக் கட்சிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை?

திருகோணமலை மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள். விளக்கத்துக்காகச் செல்லுபடியான வாக்குகள் 200,000 என்று கொள்வோம். 'அ' கட்சிக்கு 84,000, 'ஆ' கட்சிக்கு 54,000, 'இ' கட்சிக்கு 36,000, 'ஈ' கட்சிக்கு 18,000, எஞ்சிய 8,000 வாக்குகள் பல சுயேச்சைக் குழுக்களுக்கு. 5 வீதத்துக்கும் குறைவாகப் பெற்றவர்களின் 8,000 முதலில் கழிக்கப்படும், மிச்சம் 192,000. முதலிடம் பெற்ற 'அ'வுக்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி மூன்று ஆசனங்களால் 192,000ஐப் பிரித்தால் 64,000. அந்த எண்ணை எட்டியது 'அ' மட்டுமே. அதற்கு இன்னோர் ஆசனம், கையில் 20,000 மிச்சம். எஞ்சிய இரண்டும் பெரிய மிச்சம் உள்ள 'ஆ'வுக்கும் 'இ'க்கும் போகும்.

முடிவு 2, 1, 1. 42 வீத வாக்குக்குப் பாதி ஆசனங்கள். சட்டத்தின் 5 வீத எல்லையைத் தாண்டி 9 வீதம் பெற்ற 'ஈ'க்கு எதுவும் இல்லை. மாவட்டத்தின் ஆசன எண்ணிக்கை குறையக் குறைய உண்மையான எல்லை உயர்கிறது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலிலும் இந்த மாவட்டம் 2, 1, 1 என்றே பிரிந்தது.

16. எதிர்க்கட்சித் தலைவர் என்றால் இரண்டாவது பெரிய கட்சியின் தலைவர்தானே?

பெரும்பாலும் அப்படி அமையும். 1977இல் 18 ஆசனங்களோடு தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் அப்படியே வந்தார். ஆனால் 2015இல் இரண்டாவது பெரிய கூட்டணியான ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் பலர் தேசிய அரசாங்கத்தில் இணைந்துவிட்டனர். 16 ஆசனங்களைப் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவரும் திருகோணமலைப் பாராளுமன்ற உறுப்பினருமான இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆக, அரசாங்கத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பதே முதன்மையான அளவுகோல்.

17. தாராண்மை, மார்க்சியம், பன்மைவாதம் எல்லாம் படிக்கிறோம். எது சரி என்று ஒருவரும் சொல்வதில்லையே?

ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்வியைக் கேட்கிறது. துறைமுகத்தை அண்டிய காணியில் ஒரு பெரிய முதலீடு வருகிறது என்று வையுங்கள். பன்மைவாதி மீனவர் சங்கம், வர்த்தகர், சுற்றாடல் அமைப்புகள் எவ்வாறு போட்டியிட்டு முடிவைத் திருப்புகின்றன என்று பார்ப்பார். மார்க்சியர் இலாபம் எந்த வர்க்கத்துக்குப் போகிறது, அரசு யாருடைய நலனைக் காக்கிறது என்று கேட்பார். உயர்குழாக் கோட்பாட்டாளர் முடிவெடுத்த சிலர் யார் என்று தேடுவார். தாராண்மைவாதி தனிமனிதனின் சொத்துரிமையும் இணக்கமும் மதிக்கப்பட்டனவா என்று வினவுவார். எல்லாம் சமம் என்று நான் சொல்லவில்லை. எட்டாம் விடையில் கண்ட, நிகழ்ச்சி நிரலுக்கு வராத வலுவைப் பன்மைவாதம் எளிதில் தவறவிடுகிறது; அதனால் நம் சூழலுக்கு அதை மட்டும் நம்பியிருப்பது போதாது.

18. ஒரு சட்டம் அநியாயம் என்றால் அதை மீறலாமா, சேர்? மீறினால் அரசுக்கு எதிரானவர் ஆகிவிடுவோமா?

அரசியற் கடப்பாடு என்ற தலைப்பின் கீழ் வரும் மிகக் கடினமான கேள்வி இது. ஹொப்ஸ் ஏறக்குறைய இல்லை என்பார். லொக் அரசாங்கம் நம்பிக்கையை முறித்தால் ஆம் என்பார். ஜோன் ரோல்ஸ் 1971இல் இடைவழி ஒன்றை வகுத்தார்: மீறல் பகிரங்கமாகவும் வன்முறையின்றியும் மனச்சாட்சியின் பேரிலும் இருக்க வேண்டும், மீறுபவர் தண்டனையை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். அப்படி மீறுபவர் ஒரு சட்டத்தை எதிர்க்கிறார், சட்டத்தின் ஆட்சியை மதிக்கிறார். மூன்றாம் விடையின் வேறுபாடு இங்கே மீண்டும் உதவும்.

1961 பெப்ரவரியில் தமிழரசுக் கட்சி மொழிக் கொள்கைக்கு எதிராக யாழ்ப்பாணக் கச்சேரி முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது திருகோணமலை உட்பட வடக்கு கிழக்கின் ஏனைய கச்சேரிகளுக்கும் பரவியது. ஏன் கச்சேரி என்பதற்குப் பன்னிரண்டாம் விடையில் காரணம் இருக்கிறது: மாவட்டத்தில் மத்திய அரசாங்கத்தின் கை அதுதான். வாயிலில் அமர்ந்து நிருவாகத்தை முடக்கியது ரோல்ஸின் அளவுகோலுக்கு ஏறக்குறைய முழுமையாகப் பொருந்துகிறது. ஏப்ரல் 14ஆம் திகதி கட்சி தன் சொந்தத் தபால் சேவையைத் தொடங்கியது. 17ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கட்டளைக்குக் கீழ்ப்படியாதிருப்பது ஒரு சட்டத்தைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. அரசுக்கே உரிய வேலை ஒன்றைத் தானே செய்யத் தொடங்குவது இறைமையைத் தொடுகிறது. இரண்டும் ஒரே போராட்டத்தில் நிகழ்ந்தாலும் விடைத்தாளில் தனித்தனிப் பந்திகளாக எழுதுங்கள்.